நாலு பனி டயர்

"முதல்ல நான் சொல்றதைக் கேளு..."

"கேக்க என்ன இருக்கு? கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்துடு, வெர்னர்!"

பக்கத்து வீட்டு டுவேனின் வண்டியில் கொண்டுவந்து இறக்கிய, பனியில் வழுக்காத நான்கு பனி டயர்களும் வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தன. புது ரப்பர் வாடை சமையலறை வரை வந்தது. வெர்னருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மூணு வருஷமா வாங்கு வாங்குன்னு என் உயிரை எடுத்தது யாரு?"

"நான்தான். அப்ப நீ என்ன சொன்னே? 'அதெல்லாம் பட்டணத்துப் பயந்தாங்கொள்ளிங்களுக்கு. மினசோட்டாக்காரனுக்கு வழுக்காம இருக்க டிக்கியில கனமா ஒரு மணல் மூட்டை போதும்'னு சொல்லல?"

"சொன்னேன், அதுக்கென்ன?"

"அந்த மூட்டையும் நம்மகூடவே பள்ளத்துல இறங்கிச்சே, அதான்!" மனைவி ஆர்டிஸ் கட்டுப் போட்ட மணிக்கட்டை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "ஐம்பது வருஷமா ஓட்டறவராம்! பனியோட மனசு இவருக்குத் தெரியுமாம்!"

போன வாரம் கார் வழுக்கிக்கொண்டு போய்ச் சாலையோரப் பள்ளத்தில் விழுந்தது. காரைப் பட்டறைக்கு அனுப்பும் வேலையைக்கூட அவரை நம்பி விடாமல் ஆர்டிஸே ஆள் பிடித்துப் பார்த்துக்கொண்டாள். 'இனி உன் காரில் ஏறுவேனா பார்' என்று அன்று சொன்னவள், தேவாலயத்துக்கே டுவேனின் மனைவியோடுதான் போகிறாள். வாரம் ஒருநாள் காரில் தன் பக்கத்து இருக்கை காலியாகிவிடும் என்றதும்தான் வெர்னர் வீறாப்பை விட்டுவிட்டுக் கடை ஏறினார்.

"சரி தாயே, தப்புதான். பட்டறையிலேருந்து கார் வந்ததும் நாலையும் மாட்டிடறேன். ஞாயித்துக்கிழமை என் பக்கத்துல உக்காந்து வா. அது போதும்."

"இப்பதான் புத்தி வந்துதாக்கும்!"

சொன்னாளே தவிர, குரலில் பழைய காரம் இல்லை. காபியை ஊற்றினாள், பாதி தட்டில் சிந்தியது.

மனைவி இறங்கி வருகிறாள் என்று வெர்னர் தெம்பாகிவிட்டார். சன்னலைக் காட்டிச் சிரித்தார்.

"ஏரியில இந்த வருஷத்துக் காரை நிறுத்திட்டாங்க, பாத்தியா?"

குளிரில் ஏரி உறைந்து இறுகியதும் நடுவில் ஒரு கழித்துப் போட்ட காரை நிறுத்துவது அந்த ஊர் வழக்கம். வெயில் வந்து, பனிக்கட்டி உடைந்து, அது எந்த நாள் முழுகும் என்று ஊரே பந்தயம் கட்டும்.

"இன்ஜினைப் பிடுங்கிட்டு, மேல மஞ்சப் பெயின்ட் வேற! பெத்த தாய்க்கே அடையாளம் தெரியாது. நான் ஏப்ரல்ல முழுகும்னு கட்டியிருக்கேன். எந்த இளிச்சவாயன் வீட்டுக் காரோ!"

ஆர்டிஸ் கோப்பையை மெல்ல அவர் முன்னால் வைத்தாள்.

"இந்த ஜென்மத்துல நீ பனி டயர் வாங்க மாட்டேன்னு நெனச்சுத்தான், வெர்னர், நம்ம காரை அவங்களுக்குத் தூக்கிக் குடுத்தேன்."