பக்கத்து வீட்டு டி.வி.

“அண்ணா, அந்த டி.வி.யை நிறுத்தறீங்களா இல்லையா?”

சின்னம்மா போட்ட சத்தத்தில் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்து லைன் வீடுகளில் நாலு கதவு திறந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் சம்பங்கி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே, ஆளில்லாத வீட்டில் சீரியல் மாமியார் அலறிக்கொண்டிருந்தாள்.

“இன்னா தங்கச்சி?”

“பார்க்க ஆளே இல்ல, யாருக்கு ஓடுது அது? சுரங்கத்துல டிரில் அடிச்சு உங்க காது போச்சு. எங்க காதும் போவணுமா? எம்பொண்ணு ஆன்லைன்ல பேங்க் பரீட்சைக்குப் படிக்குது. அது கிளாஸ் ஆரம்பிச்சா போதும், உங்க டி.வி.யும் ஆரம்பிச்சுடுது!”

பேங்க் பரீட்சை என்பது பொய். குண்டாகிவிடுவோமோ என்று பயந்து, சாப்பிட்டதையெல்லாம் ரகசியமாக வாந்தியெடுத்தே ஆஸ்பத்திரி வரை போய் வந்தவள் மகள் சங்கமித்ரா. அந்த கிளாஸ், டாக்டர் சேர்த்துவிட்ட பயிற்சி. போனில் ஒரு டீச்சர் சொல்லச் சொல்ல, கண்ணை மூடி, வயிற்றில் கை வைத்து, உடம்பு என்ன சொல்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இப்போதுதான் கொஞ்சம் சோறு உள்ளே தங்குகிறது.

“லைன்ல ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும் கிளாஸை விட்டுடுவேம்மா” என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

சம்பங்கி ஏதோ சொல்ல வாயெடுத்தார். திறந்திருந்த கதவுகளைப் பார்த்தார். எழுந்து போய் டி.வி.யை நிறுத்தினார்.

“நல்லா கேட்டக்கா. கிழத்துக்குக் கொழுப்பு” என்றாள் எதிர்வீட்டு அமலா.

மறுநாள் சாயங்காலம். மகள் கதவைச் சாத்திக்கொண்டதும், சின்னம்மா நிம்மதியாகக் குடத்தோடு வெளியே வந்தாள். தண்ணீர் லாரிக்காக லைன் முழுக்கப் பெண்கள் காத்திருந்தார்கள்.

தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடைவெளி வழியாக ஒரு குரல் வந்தது. பக்கத்தில் நின்று பேசுவதுபோல, அவ்வளவு தெளிவாக.

“எனக்குப் பசிக்குது... ஆனா சாப்பிட பயமா இருக்குது...”

பிறகு விசும்பல்.

சின்னம்மா குடத்தைக் கீழே வைத்தாள். இத்தனை நாளும் மகள் இப்படித்தான் பேசியிருக்கிறாள். இத்தனை நாளும் யார் காதிலும் விழவில்லை.

“யாருக்கா அழுவறது? உங்க வீட்டுப் பக்கமா கேக்குது?” அமலா ஓரடி முன்னால் வந்தாள்.

சின்னம்மா திரும்பினாள். சம்பங்கி ஸ்டூலிலிருந்து பாதி எழுந்து, கையில் ரிமோட்டோடு, அவள் முகத்தையே பார்த்தபடி நின்றிருந்தார்.

“அண்ணா” என்றாள். “டி.வி.யைப் போடுங்கண்ணா. நேத்தைவிட சத்தமா.”