முதலைக் குளத்து மந்திரி

“மச்சானை முதலைக் குளத்துல தள்ளியாச்சு! இனிமே ஆண்டவனே வந்தாலும் காப்பாத்த முடியாது” என்று கைகளைத் தேய்த்துக்கொண்டான் ஓவியன்.

“மெதுவா பேசுங்க. உங்க அக்கா மாடிப்படி ஏறிட்டிருக்காங்க” என்றாள் ஜன்னலருகே நின்ற புரோகிராமர்.

திரையில் குமிழிகள் மட்டும் மிதந்தன. படத்தில் இருக்கும் பொருள்களைக் கிளிக் செய்து புதிர் அவிழ்க்கும் அந்தக்காலத்துக் கம்ப்யூட்டர் விளையாட்டு, நாளை வெளியீடு. இணையத்தில் துண்டேந்தி, முன்பின் தெரியாதவர்கள் போட்ட பணத்தில் உருவானது. அதில் வரும் திருட்டு மந்திரிக்கு அக்காள் புருஷனின் அதே மூக்கு, அதே தொந்தி, அதே வழுக்கை.

பின்னே? இருபது வருஷத்துக்கு முன் இதேபோல ஒரு விளையாட்டை மச்சானும் இவனும் சேர்ந்துதான் செய்தார்கள். கண் பூக்கப் புள்ளி புள்ளியாகப் படம் வரைந்தவன் இவன். அதைத் தன் பெயரில் விற்று மாலை வாங்கிக்கொண்டவர் அவர். அக்கா வாழ்க்கை கெட்டுவிடக் கூடாதே என்று அன்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

இப்போது அதே அக்கா வருகிறாள் என்றதும் குரலைத் தாழ்த்தினான். “அவ பாத்தா என் முகத்துலயே முழிக்க மாட்டா. எனக்குன்னு இருக்கறது அவ ஒருத்திதான். மூஞ்சிய மாத்திடலாமா?”

“பணம் போட்டவங்க சும்மா விடுவாங்களா?”

அதுவும் நியாயம்தான். பெரிய தொகை போட்டவர்கள் விளையாட்டில் ஆளுக்கொன்று கேட்டு வாங்கியிருந்தார்கள். ஒருவர் தன் பூனையை உலவவிடச் சொன்னார். மந்திரியின் படம் வெளியான அன்றே எல்லோரையும்விட அதிகமாகப் போட்ட ஒரு பெயர் சொல்லாத ஆள், மந்திரி குறட்டை விட வேண்டும் என்றார். விசிலாகத் தொடங்கி, நடுவில் மூச்சே அடங்கி, துருப்பிடித்த கதவாக முடிய வேண்டுமாம். ஆளுக்கொரு கிறுக்கு என்று சிரித்துக்கொண்டே சேர்த்திருந்தார்கள்.

கதவைத் திறந்துகொண்டு வந்த அக்கா நேராகத் திரைக்கு முன் உட்கார்ந்தாள். “தள்ளு, நானே ஆடிப் பாக்கறேன்.”

குளக்கரையில் மந்திரி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அக்காவின் முகம் இறுகியது.

“அக்கா, அது வந்து... சும்மா கற்பனை...”

அவள் மந்திரியைக் கிளிக் செய்தாள். தொபுக்கடீர்! மறுபடி முதலிலிருந்து ஆடினாள், மறுபடி தொபுக்கடீர். மூன்றாவது முறை அவள் கண்ணில் நீர் முட்டியது.

ஓவியன் ஆடிப்போனான். “மன்னிச்சிடுக்கா. இன்னிக்கே மூஞ்சிய மாத்திடறேன்.”

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நான்காவது முறை தள்ளினாள்.

“மாத்தினே, பிச்சுடுவேன்! அதே குறட்டைடா... நான் போட்ட காசு வீண்போகல.”