தலைகீழ்க் கிளி
அக்காவும் தங்கையுமாகப் பழைய மரச்சாமான்களைப் புதுப்பிக்கும் பட்டறையில் காலை வெயில் ஒரு நூறு வருஷத்து மர அலமாரியின் மேல் விழுகிறது. மேலே பூசிய பழுப்புப் பெயிண்டை அக்கா பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுக்கிறாள். வலது கதவில் நேற்றே, அடியில் மறைந்திருந்த ஓவியத்தின் பச்சைக்கிளி ரோஜாக்கொடியில் வந்து உட்கார்ந்துவிட்டது. இடது கதவில் இப்போது உச்சியில் முதலில் தெரிவது கால். அப்புறம் வயிறு. கடைசியாக, அடியில் சிவப்பு மூக்கு. "கதவைத் தலைகீழா மாட்டிட்டாங்களோ?" என்கிறாள் தங்கை. "சாவித்துவாரம் சரியாத்தான்டி இருக்கு. கழட்டி மேஜையில போட்டு வரைஞ்ச மனுஷன், மேல் எது கீழ் எதுன்னு பார்க்கல." சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். அலமாரிக்குச் சொந்தக்காரர், வரைந்தவரின் பேத்தி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, வாசலில் நிற்கிறார். அவர் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, தலையைச் சாய்த்துக் குனிந்து கிளியைப் பார்க்கிறார். தோள் குலுங்குகிறது. அழுகிறாரோ என்று பதறி, "நேரா வரைஞ்சு குடுத்துடறோம்மா," என்கிறாள் அக்கா. நிமிர்ந்த முகமெல்லாம் சிரிப்பு. "தொட்டுடாதீங்க. 'உங்க தாத்தா கை ஒரு நாளும் பிசகினதில்லை'ன்னு சொல்லிச் சொல்லியே எங்கப்பா எங்க உயிரை எடுத்தார். பூவெல்லாம் அலுத்துப்போய்தான் தாத்தாவே மேல பழுப்புப் பெயிண்ட் அடிச்சாராம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பையில் போனைத் தேடுகிறார். "இருங்க, எங்கண்ணனை வரச் சொல்றேன். அவன்தான் அப்பாகிட்ட நிறைய அடி வாங்கினவன்."