பாதி விலைக் குளம்

துணிக்கடை வாசலில் கிடந்த 'சேல், பாதி விலை' பலகையைத் தூக்கி வந்த குரங்கு, அதைக் குளக்கரை மரத்தில் மாட்டிவிட்டு அடியில் உட்கார்ந்துகொண்டது. தினமும் அந்தக் குளத்தில் சும்மாவே ஊறிக் கிடக்கும் எருமைக்கு, பலகையைப் பார்த்ததும் இருப்புக் கொள்ளவில்லை.

"சேல்னா என்ன அண்ணே?" என்று கேட்டது ஆமை.

"இப்ப விட்டா அப்புறம் கிடைக்காதுன்னு அர்த்தம். தள்ளு, தள்ளு!"

முட்டிமோதி இறங்கிக் குளித்தது எருமை. தன் வைக்கோலில் பாதியைக் குரங்கின் கையில் திணித்துவிட்டு, மீதிப் பாதி லாபம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டது.

மறுநாள் பலகை காற்றில் பறந்துபோயிருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. எருமையோ நாக்கைத் தொங்கப்போட்டபடி கரையிலேயே நின்றது.

"இறங்கலையா அண்ணே?" என்றது ஆமை.

"முழு விலைக்குக் குளிக்க எனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"