சக்கைச் சர்க்கரை

போர்க்காலம். கடைகளில் சர்க்கரை இல்லை. பொன்மலை ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நஜிமுதீன், கழுவிய கரும்புச் சக்கையைக் கொல்லையில் ஒரு பழைய பாய்லரில் போட்டு, நீராவியில் வேகவைத்துச் சர்க்கரை எடுக்க முயன்றுகொண்டிருந்தார். முன்பு வந்த ஒரு காய்ச்சலில் அவர் நாக்குக்கு ருசி போயிருந்தது.

"ஆரிஃபா, இனிக்குதா?"

மனைவி கொல்லைக்கு வந்து, வடித்த நீரை ருசி பார்த்தாள். "இல்லீங்க."

"சரி, நாளைக்கு இன்னும் கொஞ்சம் ஆவி ஏத்திப் பார்க்கிறேன்" என்று தொழப் போனார்.

முசிறியிலிருந்து வந்திருந்த ஆரிஃபாவின் தங்கை மஜீதா ஒரு சொட்டை நாக்கில் வைத்தாள்.

"அக்கா, இனிக்குதே! மச்சான்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

"ஒரு மாசமாவே இனிக்குது, மஜீதா. மகன் மவுத்தானதுலேர்ந்து சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாரு. இதுக்காகத்தான் எழுந்திரிக்கிறாரு. இனிக்குதுன்னு சொன்னா வேலை முடிஞ்சுதுன்னு மறுபடி படுத்துடுவாரு."

மறுநாள் காலை நஜிமுதீன் கொல்லைக்குப் போனார். முந்தின நாள் சிந்திய நீரில் எறும்பு மொய்த்திருந்தது. ஒரு மாதமாகத் தினமும் இப்படித்தான். மகன் போன பின் அறையை விட்டு வராத ஆரிஃபா, இந்த ருசி பார்க்க மட்டும்தான் வெளியே வருகிறாள்.

எறும்புகளைத் துண்டால் துடைத்துத் தள்ளிவிட்டு, அவர் குரல் கொடுத்தார்.

"ஆரிஃபா, இன்னிக்காவது இனிக்குதான்னு வந்து பாரேன்!"