ஆடாமல் நின்ற முள்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு தொட்டியின் கதை சொல்கிறேன்.

அது ஓர் ஆய்வுக்கூடத்தில் ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைக்கும் எஃகுத் தொட்டி. அதைத் தொட்ட ஊழியர் ஒருவர் ஷாக் அடித்துச் செத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. சோதிக்க வந்த எலக்ட்ரீஷியனுக்குப் பக்கத்தில், அந்த அறையில் அளவுகளைக் குறித்து வைக்கும் பெண் நின்றாள்.

“புளிக்கிற தொட்டியில நூத்திப் பத்து வோல்ட்டா? ஈஸ்ட்டே கரண்ட் தயாரிக்குதோ?” என்று சிரித்தவர், குனிந்து பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். “எர்த் வயரை யாரோ கழட்டி டேப் சுத்தி வச்சிருக்காங்க. ஹீட்டர்ல கசிஞ்ச கரண்ட் போக வழியில்லாம தொட்டியிலயே நின்னிருக்கு.”

அவள் முகம் வெளுத்துவிட்டது.

“நான்தான் கழட்டினேன். அந்த வயர் இருந்தா புளிப்பு மீட்டர்ல முள் ஆடிக்கிட்டே இருக்கும். அவர் சாப்பிடக்கூடப் போகாம அதோட மல்லுக்கட்டுவார். பார்க்கப் பாவமா இருந்துச்சு. கழட்டினதும் முள் நின்னுடுச்சு. அன்னைக்குத்தான் நேரத்துக்குச் சாப்பிட்டார்.”

எலக்ட்ரீஷியன் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “அக்கா, வெளிய சொல்லிடாதீங்க. காரணமானவங்களைச் சும்மா விடக்கூடாதுன்னு செத்துப்போனவரோட சம்சாரம் போலீஸ்ல எழுதிக் கொடுத்திருக்காங்களாம். எலி கடிச்சதுன்னு நான் எழுதிடறேன்.”

“வேண்டாம் தம்பி, உள்ளதையே எழுதுங்க” என்றாள் அவள். “எழுதிக் கொடுத்த சம்சாரம் நான்தான்.”

உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் சாப்பாட்டு நேரத்துக்கு முழுசாகத் திரும்பி வரட்டும், கண்ணுகளா.