சிவகிரி பஸ்ஸில் போகிறவர்

ஊரார் தினமும் எங்கே, எதில் போகிறார்கள் என்று வீடு வீடாய்க் கேட்டு ஆராய்ந்ததாகப் பட்டம் வாங்கிய ஆவுடையப்பன், ஒரு வீட்டுப் படியும் மிதித்ததில்லை. பெயரெல்லாம் வாக்காளர் பட்டியல்; பயணமெல்லாம் டீக்கடை பெஞ்சில் பிறந்தவை. அந்த ஆராய்ச்சி உண்மைதானா என்று நேரில் சரிபார்க்க வந்த சென்னைப் பேராசிரியர், அவனையும் கூட்டிக்கொண்டு, இப்போது பட்டியலில் உள்ள மாரித்தாய் வாசலில் நிற்கிறார். வெயில் உறைக்கிறது, ஆவுடையப்பனுக்கோ அவர் முதுகே மறைப்பு.

"உங்க வீட்டுக்காரர் தினம் பஸ்ஸில சிவகிரி போறார்னு இவர் எழுதியிருக்காரே?" என்கிறார் பேராசிரியர், ஆவுடையப்பனைக் காட்டி.

மாரித்தாயின் ராட்டை நிற்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போன மனுஷன், வருஷம் ஏழாகிறது. பேராசிரியரை விட்டுவிட்டு, நூல் காலில் சிக்க, ஆவுடையப்பனிடம் வருகிறாள்.

"சிவகிரியிலயா இருக்காவ? நீங்க பாத்தீயளா சார்?"

பேராசிரியர் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆவுடையப்பனின் தலை, ஆமாம் என்று தானாக ஆடிவிடுகிறது.

"அந்த பஸ்ஸு எத்தன மணிக்கு சார்?"